வேகத்தைக் கொடு, பலத்தை வாங்கு

எட்டயபுரத்தில் முப்பத்தோரு வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறேன். மிக்ஸி, கிரைண்டர், சீலிங் ஃபேன், ஆழ்துளைக் கிணற்று மோட்டார் என்று என் கடைக்கு வருவதெல்லாம் ஒன்று எரிந்திருக்கும், இல்லை எரியப் போகும். நன்றாக ஓடுகிற மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது ஓடுற அழகைப் பாருங்க அண்ணாச்சி" என்று இதுவரை யாரும் காட்டியதில்லை.

போன கோடை விடுமுறையில் அதைச் செய்தது என் பேத்திதான். சிங்கப்பூரில் இருக்கிற மகளின் பிள்ளை, பதினொரு வயது. அவள் பெட்டியைத் திறந்தால் துணியைவிடப் பிளாஸ்டிக் கட்டைகள்தான் அதிகம் இருந்தன. அங்கே பக்கத்து வீட்டுப் பையன் பெரியவனாகிக் காலேஜுக்குப் போகும்போது, தான் விளையாடியதை மொத்தமாக இவளிடம் கொடுத்துவிட்டானாம். ஒன்றோடொன்று பொருத்துகிற கட்டைகள், அச்சுகள், பல்சக்கரங்கள், நாலு ரப்பர் டயர், ரெண்டு மோட்டார், ஆறு பேட்டரி போடுகிற பெட்டி, ஒரு ரிமோட். இதையெல்லாம் வைத்து இவளாகவே ஒரு லாரி கட்டியிருந்தாள். பின்னால் கொக்கி மாட்டி ஒரு டிரெய்லர்.

திண்ணையில் விட்டாள். விர்ரென்று ஓடி அந்தக் கோடியில் போய் மோதி நின்றது. எனக்கே கொஞ்சம் மலைப்பாகத்தான் இருந்தது. "பாரம் இழுக்குமா?" என்று கேட்டேன். வீட்டில் உடன்குடிக் கருப்பட்டி ஒரு கிலோ இருந்தது. அதை டிரெய்லரில் வைத்தோம். முற்றத்திலிருந்து திண்ணைக்கு ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டோம். ரிமோட்டை அழுத்தினாள். லாரி பலகையில் முன்சக்கரத்தை வைத்தது, நின்றது. உள்ளே 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல்.

அந்த உறுமலைக் கேட்டதும் என் கை தானாகப் போய் சுவிட்சை அணைத்தது. முப்பத்தோரு வருடப் பழக்கம். மோட்டார் உறுமினால் அது சுற்ற முடியாமல் மின்சாரத்தை மட்டும் குடிக்கிறது என்று அர்த்தம். மிக்ஸியானாலும் சரி, இந்த விரல் நீள மோட்டாரானாலும் சரி, அப்படியே விட்டால் கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகுகிற வாடை வரும்.

"தாத்தா, மோட்டாருக்குப் பலம் பத்தலையா?"

"மோட்டாருக்குப் பலம் இருக்குட்டி. நீ அதை வேகமா மாத்திச் செலவழிச்சிட்டே" என்றேன். சொன்னது அவளுக்குப் புரியவில்லை. புரிய வைக்க ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தகர டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

முதல் வேலை, மோட்டாரைத் திறந்து பார்ப்பது. அவளுடைய மோட்டார் பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூடி ஒட்டியிருந்தது. அதை உடைக்க மனமில்லை. எங்கள் கடைப் பரணில் பழைய பொம்மைக் கார் ஒன்று கிடந்தது. அதற்குள்ளிருந்து கட்டைவிரல் அளவுத் தகர மோட்டாரை எடுத்தேன். உலகம் முழுக்க விலை குறைந்த பொம்மைகளில் இருப்பது பெரும்பாலும் இந்த வகைதான். ஜப்பானின் மபுச்சி கம்பெனி 'எஃப்ஏ-130' என்று பெயரிட்டுச் செய்த மோட்டார் புகழ்பெற்று, பிறகு யார் செய்தாலும் 'நூற்றுமுப்பது சைஸ்' என்றே கடைகளில் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

பின்பக்க வெள்ளை மூடியைக் கத்தி முனையால் நெம்பினால் எல்லாம் வெளியே வந்துவிடும். தகரக் கூட்டின் உட்சுவரில் வளைந்த காந்தம் ரெண்டு. நடுவே சுற்றுகிற ஆர்மேச்சர். அதில் மூன்று இரும்புப் பற்கள், ஒவ்வொன்றிலும் தலைமுடி மாதிரிச் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அச்சின் ஒரு நுனியில் மூன்று துண்டாகப் பிளந்த செம்பு வளையம், அதுதான் கம்யூட்டேட்டர். அதன் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு நிற்கிற மெல்லிய உலோக நாக்குகள், பிரஷ்.

பக்கத்திலேயே ஒரு மிக்ஸி ஆர்மேச்சரை வைத்தேன். அவள் மாறி மாறிப் பார்த்தாள். "அதே மாதிரி இருக்கு, பெரிசா இருக்கு" என்றாள். அதுதான் விஷயம். மிக்ஸியில் மூன்று பல்லுக்குப் பதில் நிறையப் பல். உலோக நாக்குக்குப் பதில் கார்பன் கட்டி. காந்தத்துக்குப் பதில் வெளியேயும் காயில். வித்தியாசம் அவ்வளவுதான், வித்தை ஒன்றுதான்.

வித்தை இதுதான். கம்பிச் சுருளில் மின்சாரம் போனால் அது காந்தமாகிவிடும். எதிரே நிற்கிற காந்தம் அதை இழுக்கும், அது திரும்பும். இழுத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, அங்கேயே நின்றுவிடும். அதனால் சேருகிற நேரம் பார்த்து, கம்யூட்டேட்டர் மின்சாரத்தின் திசையை மாற்றிவிடுகிறது. இழுத்த காந்தம் இப்போது தள்ளும், அடுத்த காந்தம் இழுக்கும். கண்ணாமூச்சியில் தொடப் போகும் நேரம் பார்த்து எதிராளி இடம் மாறிக்கொண்டே இருந்தால் எப்படி ஓடிக்கொண்டே இருப்போமோ, அப்படி. மூன்று பல் எதற்கு? இரண்டே பல் என்றால், கம்யூட்டேட்டர் துண்டுகளுக்கு நடுவே பிரஷ் நிற்கிற இடத்தில் மோட்டார் மாட்டிக்கொள்ளும், கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்பும். மூன்று இருந்தால் எந்த நிலையில் நின்றிருந்தாலும் ஏதாவது ஒரு சுருளாவது கை கொடுக்கும்.

மோட்டாரின் காதுகளில் துவரம்பருப்பு அளவில், கிட்டத்தட்ட அதே நிறத்தில் ஒரு சின்ன வில்லை பற்றவைத்திருக்கும். அதன் மேல் '104' என்று பொடி எழுத்து. "இது என்ன வேலை செய்யுது?" என்று கேட்டாள். கம்யூட்டேட்டரில் பிரஷ் உரசுகிறபோது பொடிப் பொடியாகத் தீப்பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி மின்னல். இடி இடிக்கும்போது பழைய ரேடியோ கரகரக்கும் இல்லையா, அதே கரகரப்பு இங்கே ரிமோட் சமிக்ஞையைக் கெடுக்கும். இந்தக் கெப்பாசிட்டர் அந்தக் கரகரப்பைத் தானே விழுங்கிவிடும். மோட்டார் ஓடினால் ரிமோட் வேலை செய்யாது, நின்றால் வேலை செய்யும் என்கிற பொம்மை கையில் கிடைத்தால், முதலில் இந்தப் பருப்பு உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஏன் உறுமியது?

இந்த நூற்றுமுப்பது மோட்டாரின் ஒரு வகைக்குத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கிற கணக்கைப் பாருங்கள். ஒன்றரை வோல்ட்டில் பாரமில்லாமல் ஓடும்போது நிமிடத்துக்கு 9,100 சுற்று. அப்போது எடுக்கிற மின்சாரம் 0.2 ஆம்பியர். அச்சைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டால் 2.2 ஆம்பியர். ஓடும்போது எடுப்பதைப்போலப் பதினொரு மடங்கு!

வேலை செய்யாமல் நிற்கிற மோட்டார் ஏன் அதிகம் சாப்பிடுகிறது? சுற்றுகிற மோட்டார் தனக்குள்ளேயே ஒரு டைனமோவாகவும் இருக்கிறது. காந்தத்துக்கு நடுவே சுற்றுகிற எந்தக் கம்பியிலும் மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-லேயே காட்டிவிட்டார். மோட்டாருக்குள் பிறக்கிற அந்த மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதற்கு எதிர்த்திசையில் நிற்கும். வாசலில் நின்று, "போதும், இவ்வளவுதான் உள்ளே வரலாம்" என்று தடுக்கிற ஆள் மாதிரி. மோட்டார் நின்றுவிட்டால் அந்தக் காவல்காரன் இல்லை. மின்சாரம் மடை திறந்த மாதிரி உள்ளே பாயும், பாய்ந்ததெல்லாம் சூடாகும்.

இதைப் பேத்தி நம்பவில்லை. லாரி மோட்டாரின் ஒயரைப் பேட்டரிப் பெட்டியிலிருந்து கழற்றி, அதன் முனையில் ஒரு எல்.இ.டி.யின் கால்களைத் தொட வைத்தேன். "சக்கரத்தை உருட்டு" என்றேன். உருட்டினாள். சிவப்பாக எரிந்தது. எதிர்ப்பக்கம் உருட்டினாள், எரியவில்லை. கால்களை மாற்றித் தொட்டோம், இப்போது அந்தப் பக்கம் எரிந்தது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவளை மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

நல்ல பொம்மைகளில் இதற்கு ஒரு பாதுகாப்பு வைத்திருப்பார்கள். மோட்டாருக்குள்ளோ பேட்டரிப் பெட்டியிலோ ஒரு சின்ன வில்லை, சூடானால் தானாகவே மின்சாரத்தைக் குறைத்துவிடும், ஆறினால் மறுபடி விடும். பாலிஃபியூஸ் என்பார்கள். அதனால் பாரம் இழுத்துக்கொண்டிருந்த வண்டி நடுவில் செத்துப்போய்ப் பத்து நிமிடம் கழித்துத் தானே உயிர் பெற்றால், பேய் பிடித்தது என்று பயப்பட வேண்டாம். அது இளைப்பாறியிருக்கிறது.

ரெண்டு சக்கரம், ஒன்பது மடங்கு

சரி, கருப்பட்டி கதைக்கு வருவோம். அவள் கட்டிய லாரியில் மோட்டாரின் அச்சில் 24 பல் சக்கரமும், டயரின் அச்சில் 8 பல் சக்கரமும் இருந்தன. மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் டயர் மூன்று சுற்று சுற்றும். பந்தயத்துக்குச் சரி. ஆனால் மூன்று மடங்கு வேகம் வாங்கியவள், பலத்தில் மூன்றில் ரெண்டு பங்கை விற்றுவிட்டாள்.

எங்கள் ஊருக்கு வெளியூர்க்காரர்கள் ரெண்டு காரணத்துக்கு வருவார்கள். ஒன்று பாரதி பிறந்த வீடு, இன்னொன்று சனிக்கிழமை ஆட்டுச்சந்தை. பொம்மை வண்டிக்கு இந்தச் சந்தைதான் நல்ல பாடம். சந்தையில் எதையும் சும்மா தர மாட்டார்கள். ஒன்றைக் கொடுத்தால் ஒன்று கிடைக்கும். பல்சக்கரம் நடத்துவதும் அதே வியாபாரம்தான். வேகத்தைக் கொடுத்தால் பலம் தரும், பலத்தைக் கொடுத்தால் வேகம் தரும். நடுவில் உராய்வு என்கிற தரகுக்காரர் தன் தரகை எடுத்துக்கொள்வார். ரெண்டையும் சேர்த்துத் தருகிற சக்கரம் இன்னும் யாரும் செய்யவில்லை.

"ரெண்டு சக்கரத்தையும் இடம் மாத்து" என்றேன். 8 பல் மோட்டாருக்குப் போனது, 24 பல் டயருக்கு வந்தது. அதே ரெண்டு சக்கரம், நடுவே இருந்த தூரமும் அதேதான். ஆனால் மூன்று மடங்கு குறைந்திருந்த பலம் இப்போது மூன்று மடங்கு கூடியது. மொத்தத்தில் ஒன்பது மடங்கு மாற்றம். விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, "ஆமா தாத்தா!" என்றாள்.

இந்த வகைக் கட்டை மோட்டாருக்குள்ளேயே ஏற்கனவே ஒரு வியாபாரம் நடந்து முடிந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுகிற குட்டி மோட்டாரை அப்படியே பொம்மையில் மாட்டினால் எதற்கும் உதவாது. அதனால் கூட்டுக்குள்ளேயே சின்னச் சின்னப் பல்சக்கரங்களை வைத்து வேகத்தைக் குறைத்துத்தான் வெளியே அனுப்புகிறார்கள். லெகோவின் நடுத்தர மோட்டார் ஒன்று 9 வோல்ட்டில் பாரமில்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று சுற்றும். அதே வரிசையின் பெரிய மோட்டார் அதில் ஏறக்குறைய பாதி வேகம்தான். ஆனால் அதைப்போல மூன்று நான்கு மடங்கு முறுக்கு விசை தரும். பெட்டியில் வேகத்தைப் பார்த்து மோட்டார் வாங்கினால் ஏமாந்துபோவது இதனால்தான்.

மறுபடி பலகை, மறுபடி கருப்பட்டி. லாரி இந்தத் தடவை உறுமவில்லை. நிதானமாக ஏறியது. பாதிப் பலகையில் டயர்கள் மட்டும் சுற்ற, வண்டி அதே இடத்தில் நின்றது. மோட்டார் 'க்ரீச்' என்று சுகமாகக் கத்திக்கொண்டிருந்தது.

"இப்ப என்ன?"

"இப்ப மோட்டார் மேல தப்பில்ல. சத்தத்தைக் கேளு. உறுமினா எங்கயோ அடைப்பு. கத்தினா எங்கயோ நழுவல்."

கருப்பட்டியில் பாதியை டிரெய்லரிலிருந்து எடுத்து லாரியின் மேலேயே வைத்தேன். பாரம் குறையவில்லை, இடம்தான் மாறியது. டயரை அழுத்துகிற எடை கூடியதும் பிடிமானம் வந்தது. லாரி திண்ணை ஏறிவிட்டது. உழவுக்கு இறங்குகிற டிராக்டரின் சக்கரத்தில் இரும்புத் தட்டுகளை மாட்டி எடை ஏற்றுவதும் இதே கணக்குதான்.

இறங்கும்போது ஒரு வேடிக்கை. சுவிட்சை விட்டதும் லாரி தானாகவே பின்னால் உருண்டு வந்துவிட்டது. அதற்கும் அவள் பெட்டியில் மருந்து இருந்தது. திருகாணி மாதிரி இருக்கிற புழுச்சக்கரம். அது ஒரு சுற்று சுற்றினால் எதிரே உள்ள சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். 24 பல் சக்கரத்தோடு சேர்த்தால் இருபத்துநாலுக்கு ஒன்று. ஆமை வேகம். ஆனால் புழு சக்கரத்தைத் திருப்பும், சக்கரத்தால் புழுவைத் திருப்ப முடியாது. மின்சாரம் போனாலும் பிடித்த இடத்தில் நிற்கும். பொம்மைக் கிரேனில் தூக்கிய பாரம் கீழே விழாமல் நிற்பது இதனால்தான்.

துண்டுக்குள் விரல்

மறுநாள் காலை பதினோரு மணிக்கு முற்றத்து வெயிலில் லாரியைக் கொண்டுபோய் வைத்தாள். ரிமோட்டை எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை. வேப்பமர நிழலுக்குக் கொண்டுவந்ததும் ஓடியது. வெயில், நிற்கிறது. நிழல், ஓடுகிறது. "வண்டிக்கு வெயில் தாங்கல" என்று என் வீட்டம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அது ஒரு வகையில் சரியும்கூட.

ரிமோட்டின் மூக்கைச் செல்போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் ஊதா கலந்த வெள்ளையாக மினுக்கும். அதுதான் அகச்சிவப்பு ஒளி, டிவி ரிமோட்டில் இருப்பதும் அதுவே. ரிமோட் வேலை செய்கிறதா என்று கடைக்காரர்கள் பார்ப்பதும் இப்படித்தான். அந்த மினுக்கல் விநாடிக்கு ஏறக்குறைய 38,000 தடவை. வண்டியின் தலையில் இருக்கிற கறுப்புக் கண்ணாடிக் கண் இந்தத் தாளத்துக்கு மட்டுமே காது கொடுக்கும்.

தாளத்துக்குள் செய்தி எப்படிப் போகிறது? எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் ரெண்டு பேர் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை அந்த ரெண்டு கைக்குத்தான் தெரியும். எந்த விரல், எத்தனை விரல் என்பதுதான் மொழி. ரிமோட்டும் அப்படித்தான். மினுக்கலை விட்டு விட்டு அனுப்பும். நடுவே விடுகிற இடைவெளி சின்னதா பெரிதா என்பதுதான் விரல். அந்தக் கணக்கில் எந்த வண்டி, எந்த மோட்டார், முன்னாலா பின்னாலா, எவ்வளவு வேகம் என்பது மொத்தமும் அடங்கிவிடும். அவளுடைய ரிமோட்டில் 1 முதல் 4 வரை எண் போட்ட ஒரு தள்ளுசுவிட்ச் இருந்தது. ஒரே அறையில் நாலு பேர் ஆளுக்கு ஒரு எண் வைத்துக்கொண்டு ஒருவர் ரிமோட் இன்னொருவர் வண்டியை அசைக்காமல் ஓட்டலாம்.

வெயிலிலும் இதே அகச்சிவப்பு கொட்டிக் கிடக்கிறது. எங்கள் கரிசல் காட்டு வெயிலில் கேட்கவே வேண்டாம். வெயில் மினுக்காது, அதனால் தப்பான கட்டளை எதுவும் போகாது. ஆனால் கொட்டுமேளத்துக்கு நடுவே காதில் ரகசியம் சொன்னால் எப்படிக் கேட்கும்?

ரேடியோ அலையில் ஓடுகிற வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, சுவர் குறுக்கே வந்தாலும் கவலை இல்லை. முன்பு வந்த ரிமோட் கார்களில் நீளமாக ஒரு ஆன்டெனாக் கம்பி ஆடிக்கொண்டிருக்கும், நினைவிருக்கிறதா? அவை பெரும்பாலும் 27 அல்லது 49 மெகாஹெர்ட்ஸில் ஓடியவை. ஒரே தெருவில் ரெண்டு பிள்ளைகளுக்கு ஒரே மாதிரிக் கார் வாங்கிக் கொடுத்தால், இவன் அழுத்தினால் அவன் கார் ஓடும். சண்டையைத் தீர்க்கப் பெரியவர்கள் வர வேண்டும். இப்போது வருபவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. வைஃபையும் புளூடூத்தும் இருக்கிற அதே வீதி. அலை குட்டையானது, நீளம் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான், அதனால் ஆன்டெனாவும் உள்ளே ஒளிந்துகொண்டது. முதல் தடவை போடும்போதே ரிமோட்டும் வண்டியும் அடையாளம் மாற்றிக்கொள்ளும். பிறகு எத்தனை ரிமோட் பக்கத்தில் இருந்தாலும் தன் ஆள் சொல்வதை மட்டும்தான் கேட்கும்.

கட்டளை வந்து சேர்ந்த பிறகு நடப்பது மின்சார வேலை. வண்டி பின்னால் போக வேண்டுமானால் மோட்டாரில் மின்சாரம் எதிர்த்திசையில் பாய வேண்டும். அதற்கு நாலு மின்னணுக் கதவுகள். முன்வலமும் பின்இடமும் திறந்தால் ஒரு திசை, முன்இடமும் பின்வலமும் திறந்தால் மறு திசை. ஒரே பக்கத்தில் இருக்கிற முன்னும் பின்னும் சேர்ந்து திறந்துவிட்டால் நேராக ஷார்ட்தான், அது நடக்காமல் உள்ளே இருக்கிற சில்லு பார்த்துக்கொள்ளும். வேகத்தைக் குறைக்க வோல்ட்டைக் குறைப்பதில்லை. கண் இமைப்பதற்குள் பல தடவை கதவைத் திறந்து மூடுவார்கள். பாதி நேரம் திறந்திருந்தால் கிட்டத்தட்ட பாதி வேகம்.

ஸ்டியரிங் திருப்புகிறது வேறு சாதி மோட்டார், சர்வோ என்று பெயர். அது சுற்றிக்கொண்டே இருக்காது. எந்தக் கோணத்தில் நிற்கிறோம் என்று தன்னையே அளந்து பார்த்துக்கொண்டு, சொன்ன கோணம் வந்ததும் நிற்கும். ஓட்டுகிற மோட்டார் வண்டிமாடு என்றால் இது கயிறு பிடித்திருக்கிற கை.

ரெண்டு அப்பாக்கள்

கட்டைப் பொம்மை என்றாலே நினைவுக்கு வருகிற லெகோ, டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்கிற தச்சர் 1932-ல் தொடங்கிய பட்டறை. இன்றைக்கு நாம் பார்க்கிற, மேலே குமிழும் அடியில் குழாயும் உள்ள கட்டைக்குக் காப்புரிமை கேட்டது 1958 ஜனவரி 28-ல். கட்டைக்கு மோட்டார் வந்தது 1966-ல், நாலரை வோல்ட்டில் ஓடிய ரயிலாக. பல்சக்கரமும் அச்சும் கொண்ட டெக்னிக் வரிசை 1977-ல் வந்தது. 2007-ல் அகச்சிவப்பு ரிமோட்டோடு 'பவர் ஃபங்ஷன்ஸ்' வந்தது. 2018 வாக்கில் புளூடூத்துக்கு மாறி, செல்போனே ரிமோட் ஆகிவிட்டது.

ரிமோட்டின் கதை இதைவிடப் பழையது. 1898-ல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நிகோலா டெஸ்லா ஒரு தொட்டித் தண்ணீரில் குட்டிப் படகை மிதக்கவிட்டு, ஒயரே இல்லாமல் ரேடியோ அலையால் ஓட்டிக் காட்டினார். இன்றைய ரிமோட் பொம்மை அத்தனைக்கும் அதுதான் பாட்டன்.

அதே 1898-ல்தான் எங்கள் ஊரில் சின்னசாமி ஐயர் இறந்துபோனார். பாரதியாரின் தந்தை. எந்திரங்களில் தீராத மோகம் உள்ளவர், மேல்நாட்டு எந்திரங்களைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் என்று பாரதியின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பருத்தி விளைகிற இந்தக் கரிசல் மண்ணில் பஞ்சாலை வைத்தார். அது நொடித்துப்போனது, அந்த அடியிலிருந்து அவர் மீளவில்லை. மகன் கணக்கும் எந்திரமும் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மகன் போன வழி உலகத்துக்கே தெரியும். மகனுக்கு ஊரில் மணிமண்டபம் இருக்கிறது. எந்திரத்தைக் கழற்றிப் பார்த்த அப்பாவை நினைக்க என்னைப் போல் ஒன்றிரண்டு மெக்கானிக்குகள்தான் இருக்கிறோம்.

எங்கள் வட்டாரத்துக்கு இந்த விஷயத்தில் இன்னொரு சொந்தமும் உண்டு. கோவில்பட்டியும் எட்டயபுரமும் தீப்பெட்டிக்குப் பேர்போன பக்கம். அந்தத் தீக்குச்சியையே கட்டைப் பொம்மையாக்கியவர் ஒருவர் இருக்கிறார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, டெல்கோவில் லாரி செய்கிற வேலையில் இருந்த அரவிந்த் குப்தா, 1978-ல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் பகுதியில் கிராமப் பள்ளிகளுக்கான அறிவியல் திட்டத்துக்குப் போனார். அங்கே சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் சொருகி, முக்கோணம், சதுரம், வீடு என்று கட்டுகிற விளையாட்டை உண்டாக்கினார். ஏழைப் பிள்ளையின் கட்டைப் பொம்மை! 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அவர் பரப்பிய எளிய மோட்டாரைப் பேத்தியும் நானும் திண்ணையில் செய்தோம். ஒரு பேட்டரி, ரெண்டு ஊக்கு, ஒரு ரப்பர் பேண்டு, ஒரு காந்தம், பத்துச் சுற்றுச் செம்புக் கம்பி. ஊக்குகளைப் பேட்டரியின் ரெண்டு முனையிலும் ரப்பர் பேண்டால் கட்ட வேண்டும். ஊக்கின் காதுகளில் சுருளின் ரெண்டு நுனியையும் தூக்கி வைக்க வேண்டும். சுருளுக்கு அடியில், பேட்டரி முதுகில் காந்தம். சூட்சுமம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு நுனியில் வார்னிஷை முழுக்கச் சுரண்ட வேண்டும், இன்னொரு நுனியில் ஒரு பக்கம் மட்டும் சுரண்ட வேண்டும். நான் வேண்டுமென்றே ரெண்டையும் முழுக்கச் சுரண்டிக் கொடுத்தேன். சுருள் ஆடியது, நின்றது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாத்திவிட ஆளில்ல தாத்தா, கண்ணாமூச்சி முடிஞ்சுபோச்சு" என்றாள். அரைச் சுற்றுக்கு மின்சாரம், அரைச் சுற்றுக்கு வெறும் ஓட்டம். அந்தப் பாதிச் சுரண்டல்தான் கம்யூட்டேட்டர். புதுக் கம்பியில் அவளே சுரண்டினாள். சுழன்றது.

வாங்கப் போகிறவர்களுக்கு

பேத்திக்குச் சொன்னதில் சிலதை உங்களுக்கும் சொல்கிறேன். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கிற பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரை பார்த்து வாங்குங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் சின்னக் கட்டைகள் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். சில ரிமோட்டுகளில் பொத்தான் பேட்டரி இருக்கும், அதன் மூடியில் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும், ஒரு நிமிடம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பழைய பேட்டரியையும் புதுப் பேட்டரியையும் கலந்து போடாதீர்கள். விளையாட்டு முடிந்து மாதக்கணக்கில் பரணில் போடுவதானால் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். உள்ளே கசிந்து காய்ந்து, வெள்ளைப் பொடியாகத் தகடுகளைத் தின்ற எத்தனையோ பொம்மைகளை நான் பார்த்திருக்கிறேன். மோட்டாரில் குறையே இருக்காது. சார்ஜ் போடுகிற லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் அதோடு விளையாட்டு வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, திருகு தெரிகிற பொம்மையாக வாங்குங்கள். கழற்ற முடியாத பொம்மை கெட்டுப்போன அன்றைக்குக் குப்பை. கழற்ற முடிகிறது கெட்டுப்போன அன்றைக்குத்தான் பாடம் நடத்தத் தொடங்கும்.

கத்துதா, உறுமுதா?

அவள் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், கடையில் என்னோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், மாவரைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவர், பெரிய கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். "கல்லு சுத்தவே மாட்டேங்குது அண்ணாச்சி. மோட்டார் போச்சு. காயில் கட்டிருங்க, சாயங்காலத்துக்குள்ள வேணும்."

நான் ஸ்பேனரை எடுக்கத் திரும்பினேன். எனக்கு முன்னால் பேத்தி கேட்டாள்:

"பெரியம்மா, சுவிட்சு போட்டா மோட்டார் உறுமுதா, கத்துதா?"

அந்த அக்கா யோசித்தார். "கத்துது பிள்ள. நல்லாத்தான் கத்துது. கல்லுதான் அசையல."

பேத்தி குனிந்து கிரைண்டரின் அடிப்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். மோட்டாரில் சின்னக் கப்பி, கல்லுப்பானையின் அச்சில் பெரிய கப்பி, நடுவே பெல்ட். என்னைத் திரும்பிப் பார்த்து, "தாத்தா, இதுவும் எட்டும் இருபத்துநாலும்தான்" என்றாள். பிறகு அந்த அக்காவிடம், "மோட்டார் நல்லாருக்கு பெரியம்மா. பெல்ட்டுதான் நழுவுது."

பெல்ட் தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழத்திருந்தது. மாற்றிப் போட்டேன், கல் சுற்றியது. காயில் கட்டுகிற கூலி போய், அன்றைக்கு எனக்குக் கிடைத்தது பெல்ட் மாற்றிய காசு மட்டும்தான்.